படகு இல்லை... பரோட்டா உண்டு!



உங்க ஏரியா ஜிம்முக்குள்ள நுழைஞ்சா, ஏதாவது ஒரு மூலையில நீளமா ஒரு மெஷின் படுத்துக் கிடக்கும். முன்னால வட்டமா ஒரு கூண்டு, அதுக்குள்ள ஃபேன். பின்னால தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி, அது மேல முன்னும் பின்னும் ஓடுற குட்டி சீட்டு. இழுக்கறதுக்கு செயின் கோத்த கைப்பிடி. பெரும்பாலும் அது மேல யாரோட டவலாவது காஞ்சுக்கிட்டிருக்கும். 'இது எதுக்கு மாஸ்டர்?'னு கேட்டா, 'அது ரோயிங்குப்பா... நீ ட்ரெட்மில்லுக்குப் போ'ன்னு அனுப்பி வெச்சுடுவார்.

அந்த டவலை எடுத்து ஓரமா வெச்சுட்டு, அது மேல ஏறி உட்கார்ந்த அஞ்சு பேரைப் பத்திதான் இந்த வாரம். பெரிய சாதனைக் கதை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. நாங்க செஞ்சதுல பாதிக்குப் பாதி வெட்டி அரட்டை. ஆனா அந்த வெட்டி அரட்டை ஒரு வேலை பார்த்துச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பில்டப்!

முதல்ல ஆட்களைப் பார்த்துடுவோம். ரிட்டயர்டு ரயில்வே சார், வயசு 63. லோன் செக்‌ஷன்ல உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்ட பேங்க் அண்ணன். பிசியோதெரபிஸ்ட் அக்கா. காலேஜ் செகண்ட் இயர் படிக்கிற தங்கச்சி. அப்புறம் உங்கள் அடியேன். ஜிம்முல இருந்தது ரெண்டே மெஷின். ரெண்டு பேர் இழுக்கும்போது மூணு பேர் வெட்டியா உட்கார்ந்திருப்போம். காலையில 6 மணிக்கு, தூக்கம் கலையாத மூணு தமிழர்கள் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்தா என்ன பேசுவாங்க? சாப்பாடு. அது முடிஞ்சா கிரிக்கெட். அதுவும் முடிஞ்சா மறுபடி சாப்பாடு!

இழுக்கறவங்க வாயைத் திறக்க முடியாது. அது இந்த விளையாட்டோட விதி மாதிரி. இன்டோர் ரோயிங்ல உலகம் பூரா ஆளை அளக்கற தூரம் 2,000 மீட்டர். முதல் 500 மீட்டர்ல நாம ரஜினி. ரெண்டாவது 500-ல ரஜினியோட டூப். மூணாவது 500-ல சந்தேகமே வேண்டாம், வடிவேலு! கடைசி 500-ல ஆளே கிடையாது, வெறும் மூச்சுதான். கால், முதுகு, கைன்னு உடம்புல இருக்கற பெரிய தசை அத்தனையும் ஒரே நேரத்துல ஆக்சிஜன் கேட்டு வரிசையில நிக்கும். அந்த நேரத்துல வந்து 'சட்னி எப்படி?'ன்னு கேட்டா கண்ணாலதான் பதில் சொல்ல முடியும்.

பேச்சே இல்லாத அந்த நேரத்துல துணைக்கு இருக்கறது எதிர்ல இருக்கற குட்டி ஸ்க்ரீன் ஒண்ணுதான். 500 மீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகும்னு அது ஒவ்வொரு இழுப்புக்கும் சொல்லும். 2:10, 2:12, 2:15... பரீட்சை மார்க் மாதிரி மூஞ்சிக்கு நேரா! திட்டாது, பாராட்டாது. நம்பரை மட்டும் காட்டும்.

இந்த ஸ்க்ரீன் கொஞ்சம் கறாரான ஆளும்கூட. 500 மீட்டரை 2 நிமிஷத்துல கடக்கணும்னா சுமார் 202 வாட் சக்தி வேணும். அதே தூரத்தை 1:45-ல கடக்க 302 வாட். அதாவது, 15 செகண்ட் குறைக்க, பாதிக்குப் பாதி கூடுதலா உழைக்கணும். வேகம் ஒரு மடங்கு ஏறினா சக்தி எட்டு மடங்கு கேட்கும். காத்தைத் தள்ளற ஃபேன், தண்ணியைத் தள்ளற படகு ரெண்டுக்கும் இதே கணக்குதான்.

இதை ரயில்வே சார்கிட்ட சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்க வீட்டு கிரைண்டர் எத்தனை வாட் தம்பி?"

டேபிள் டாப் வெட் கிரைண்டர்னா பொதுவா 150 வாட். "அப்ப நான் ஒரு கிரைண்டர்கூட தேறமாட்டேனா?"ன்னு சார் ரொம்ப ஃபீல் பண்ணிட்டார். ஆஸ்திரேலியாவோட ஜோஷ் டங்க்ளி-ஸ்மித் 2018-ல 2,000 மீட்டரை 5 நிமிஷம் 35.8 செகண்ட்ல முடிச்சார். கணக்குப் போட்டா சுமார் 590 வாட் வருது. கிட்டத்தட்ட நாலு கிரைண்டர், நடுவுல கரன்ட் கட்டே இல்லாம!

இன்னொரு கூத்து கேளுங்க. 2008-ல 5:36.6 எடுத்தவர் நியூசிலாந்தோட ராப் வாடெல். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல தனி ஆள் படகுப் போட்டியில தங்கம் வாங்கினவர். அப்புறம் அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் போனார். அந்தப் படகுல கைப்பிடியைச் சுத்திச் சுத்தி பாயை இழுக்கற பலசாலிகளுக்கு என்ன பேர் தெரியுமா? 'கிரைண்டர்'! இதைச் சொன்ன அன்னிக்கு பேங்க் அண்ணன் சிரிச்ச சிரிப்புல சீட்டுலேருந்து நழுவிட்டார். அடுத்த ஒரு மாசத்துக்கு எங்க கும்பலுக்குப் பேரே 'மாவு மில்லு'தான்.

இப்படித்தான் பாஸ் எங்க அரட்டை ஓடும். எங்கேயோ ஆரம்பிக்கும், எப்படியோ அடுப்படியில போய் முடியும். நாங்க மட்டும்தான் இப்படியோன்னு நினைச்சேன். இந்த விளையாட்டோட ஜாதகத்தைப் பார்த்தா ஆரம்பமே கிட்டத்தட்ட அப்படித்தான்.

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்துல சார்லஸ் நதி. குளிர்காலத்துல உறைஞ்சு போயிடும். படகு விட முடியாது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அமெரிக்கா புறக்கணிச்சப்போ, போக முடியாமப் போன படகு வீரர்களும் அவங்க கூட்டாளிகளும் சேர்ந்து தங்களுக்கு ஒரு பேர் வெச்சுக்கிட்டாங்க. 'சார்லஸ் நதியின் ஆல் ஸ்டார் ஹேஸ்-பீன்ஸ்'. நம்ம பாஷையில சொன்னா, 'ஒரு காலத்துல நாங்களும் ஸ்டாருங்கோ' சங்கம்! குளிர்காலத்துல போரடிக்குதேன்னு அவங்க மெஷின்ல ஆரம்பிச்ச பந்தயம்தான் 'க்ராஷ்-பி'. ஜெயிச்சவங்களுக்குத் தர்ற பரிசு கோப்பை இல்ல... சுத்தியல்!

அதே காலகட்டத்துல வெர்மான்ட் மாநிலத்துல ட்ரைஸிகாக்கர்னு ரெண்டு அண்ணன் தம்பி, டிக்கும் பீட்டும், படகுக்குத் துடுப்பு செஞ்சு வித்துக்கிட்டிருந்தாங்க. அவங்க ஒரு சைக்கிள் சக்கரத்தை வெச்சு ஒரு ரோயிங் மெஷின் செஞ்சு 1981-ல விற்பனைக்கு விட்டாங்க. 'கான்செப்ட் 2'. இன்னிக்கு நம்ம ஊர் ஜிம்ல டவல் காயறது பல இடத்துல அதோட பேரன், கொள்ளுப் பேரன்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். படகு விடறவங்களும் சாப்பாடும் பழைய காலத்துலேருந்தே சண்டை போட்ட ஜோடி. 1866-ல ஆர்ச்சிபால்ட் மெக்லாரன்னு ஒருத்தர் உடற்பயிற்சி பத்தி புத்தகம் எழுதியிருக்கார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகு வீரர்கள் என்ன சாப்பிட்டாங்கன்னு அதுல பட்டியலே இருக்கு. அரைவேக்காட்டு மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, காஞ்ச பிரெட், கொஞ்சூண்டு டீ, அளந்து ஊத்தின பீர். தண்ணி? முடிஞ்சவரைக்கும் கம்மி! "தண்ணி மேல போற பயலுக்குத் தண்ணி இல்லையா... அநியாயம்யா!"ன்னு ரயில்வே சார் அந்தக் காலத்துப் பசங்களுக்காக இந்தக் காலத்துல கொதிச்சார்.

"சரி, இப்ப என்ன சாப்பிடறாங்க?"ன்னு அண்ணன் கேட்டார். அதுக்கு அக்கா சொன்ன ஆள் ஸ்டீவ் ரெட்கிரேவ். இங்கிலாந்துக்காரர். 1984-லேருந்து 2000 வரைக்கும் வரிசையா அஞ்சு ஒலிம்பிக்ஸ், அஞ்சு தங்கம். பயிற்சிக் காலத்துல ஒரு நாளைக்கு 6,000 கலோரி வரைக்கும் சாப்பிட்டவர். 1997-ல அவருக்கு சர்க்கரை நோய் இருக்கறது தெரிய வந்துச்சு. இன்சுலின் போட்டுக்கிட்டே பயிற்சி எடுத்தார். அஞ்சாவது தங்கத்தை சிட்னியில வாங்கினது அதுக்கப்புறம்தான்.

அண்ணனுக்கும் சுகர் உண்டு. அன்னிக்கு அவர் ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில 5:45-க்கே வந்து மெஷின்ல உட்கார்ந்திருந்தார். சும்மா பேசின பேச்சு ஒரு மனுஷனை 15 நிமிஷம் முன்னாடி எழுப்புச்சு பாருங்க!

நம்ம ஊர்க் கதையும் வரும். தத்து போகனல். மகாராஷ்டிராவுல நாசிக் மாவட்டத்து வறட்சி கிராமத்துக்காரர். அப்பாவோட சேர்ந்து கிணறு வெட்டப் போனவர். தண்ணியைத் தேடித் தோண்டின ஆள், 2012-ல ராணுவத்துல சேர்ந்து துடுப்பைப் பிடிச்சார். ஆரம்பத்துல தண்ணின்னா பயமாம். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல 13-வது இடம். 2018 ஆசியப் போட்டியில நாலு பேர் படகுல தங்கம். "கிணத்துல தண்ணி வந்துச்சோ இல்லையோ, அவருக்கு தங்கம் வந்துருச்சு"ன்னு தங்கச்சி ஒரு பஞ்ச் விட்டா. செம கைத்தட்டல்.

அந்தத் தங்கச்சியைப் பத்திதான் இப்ப சொல்லப் போறேன். அவ ஓகே சொன்ன பிறகுதான் எழுதறேன்.

எங்க கும்பல்ல சாப்பாட்டைப் பத்திப் பேச ஒரு ராணி உண்டுன்னா அது அவதான். ஹாஸ்டல் பொண்ணு. ஹாஸ்டல் சாம்பார் பத்தி அவ சொல்ற விமர்சனத்தைத் தனிப் புத்தகமே போடலாம். எங்களுக்குள்ள தினமும் ஒரு விளையாட்டு. இழுத்து முடிச்சு, தரையில கால் நீட்டி உட்கார்ந்து, 'இப்ப கண்ணு முன்னால எது வந்தா அழுதுடுவே?'ன்னு ஒவ்வொருத்தரா சொல்லணும். சாருக்கு எப்பவும் வெண்பொங்கல், மேல நெய், முந்திரி எண்ணி அஞ்சு. அண்ணனுக்கு பரோட்டா, சால்னா. அக்காவுக்கு நண்டு ரசம். தங்கச்சி மட்டும் தினம் ஒண்ணு சொல்லுவா. வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். மறுநாள் பழைய சோறு, மோர் மிளகாய். அதுக்கு மறுநாள் கல்தோசைக்குக் காரச் சட்னியா, தேங்காய்ச் சட்னியான்னு சாரோட ஒரு குத்துச்சண்டையே நடக்கும். அவ காரச் சட்னி கட்சி. சார் தேங்காய்ச் சட்னி கட்சி. ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் கூட்டணி வெச்சதே இல்ல.

ஒரு நாள் நான் ஒரு வேலை பண்ணினேன். ரோயிங்ல 'லைட்வெயிட்'னு ஒரு பிரிவு உண்டு. மெஷின் போட்டியில பெண்களுக்கு 61.5 கிலோ, ஆண்களுக்கு 75 கிலோ. அதுக்குள்ள இருந்தா அந்தப் பிரிவுல கலந்துக்கலாம். ஒல்லி ஆட்களும் ஆறடி மலைகளோட மோதி நசுங்காம இருக்கட்டும்னு வந்த நல்ல ஏற்பாடு. ஒலிம்பிக்ஸ்லயும் 1996-லேருந்து 2024 வரைக்கும் லைட்வெயிட் படகுப் போட்டி இருந்துச்சு. டோக்கியோவுல நம்ம அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் ஜோடி 11-வது இடம் பிடிச்சது அதுலதான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. மெஷின் போட்டியில இன்னும் உண்டு.

தங்கச்சி அப்ப 64 கிலோ. 2,000 மீட்டரை 8 நிமிஷம் 40 செகண்ட்ல இழுப்பா. மூணு மாசத்துல ஒரு போட்டி வருது. 'இன்னும் ரெண்டரைக் கிலோ குறைஞ்சா லைட்வெயிட்ல நீதான் மெடல்'னு ஜாலியா அடிச்சு விட்டேன். சொல்லிட்டு நான் மறந்துட்டேன். அவ மறக்கல.

அடுத்த சில வாரத்துல அவகிட்ட ஒரு புது டிசிப்ளின் தெரிஞ்சுது. ஒரு நாள்கூட லீவு கிடையாது. நாங்க எல்லாம் அசந்து போயிட்டோம். 'பாருங்கய்யா... இதுதான் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்'னு நானே கைதட்டியிருக்கேன். அதை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

அவ என்ன பண்ணிட்டு இருந்தா தெரியுமா? அந்த ஸ்க்ரீன்ல கலோரியும் வரும் இல்லையா... அரை மணி நேரம், 500-க்கு 2:30 வேகத்துல இழுத்தா சுமார் 328 கலோரின்னு காட்டும். 'ஸ்க்ரீன் எவ்வளவு காட்டுதோ, அன்னிக்கு அவ்வளவுக்கு மேல சாப்பிடக் கூடாது'ன்னு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டா. நாள் முழுக்க அவ்வளவுதான். ஆறேழு இட்லி கணக்கு.

அந்த ஸ்க்ரீனுக்கு உங்க எடை தெரியாது ஃப்ரெண்ட்ஸ். உட்கார்ந்திருக்கறவர் 175 பவுண்டு, அதாவது 79 கிலோன்னு நினைச்சுத்தான் கணக்குப் போடும். 64 கிலோ ஆளுக்கு உண்மையில 300 பக்கம்தான் வரும். ஆனா அந்தத் தப்பு வெறும் அரை இட்லி. அசல் தப்பு வேற. ஸ்க்ரீன் காட்டறது அரை மணி நேரம் இழுத்ததுக்கான செலவு மட்டும். மீதி 23 மணி 30 நிமிஷம் இதயம் துடிக்க, மூளை யோசிக்க, எலும்பு வளர, காயம் ஆற, செமஸ்டர் படிக்க ஆகற செலவை அது காட்டாது. அதுக்கெல்லாம் சோறு யார் போடறது? உடம்பு தன்னையே வித்துத்தான் கட்டும்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, ஸ்க்ரீனைப் பார்த்து இல்ல. மீட்டர் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. எடையும் குறைஞ்சுது. நம்பரை மட்டும் பார்த்தவங்களுக்கு எல்லாமே சூப்பர்.

கண்டுபிடிச்சது ரயில்வே சார். ஒரு நாள் வழக்கம்போல விளையாட்டு. 'கல்தோசை, தேங்காய்ச் சட்னி'ன்னு வேணும்னே அவளைப் பார்த்துச் சொன்னார். அவ சிரிச்சா. அவ்வளவுதான். அடுத்து அவ முறை. "எனக்கு ஒண்ணும் வேணாம் சார்"ன்னா.

அவ போனதும் சார் மெதுவா சொன்னார்: "இந்தப் புள்ள ரெண்டு வாரமா எங்கூட சண்டையே போடலையேப்பா. முன்னெல்லாம் சட்னிக்கு உயிரை விடும். இப்ப நாம எதைச் சொன்னாலும் அதுல எவ்வளவு கலோரின்னு கேக்குது. நேத்து அதைக்கூட கேக்கல."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. மறுநாள் அவளைத் தனியா டீக்கடைப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. என்ன பேசினாங்கன்னு எங்களுக்கு அப்ப தெரியாது. அப்புறம் தங்கச்சியே சொன்னா. அக்கா முதல்ல கேட்டது எடையைப் பத்தி இல்ல. "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" ரெண்டு மாசமா வரல. தலைமுடி கொத்துக் கொத்தா வந்துச்சு. ராத்திரி தூக்கம் இல்ல. மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டும். எடை பார்க்கற அன்னிக்குத் தண்ணிகூட குடிக்காமப் போகணும்னு பிளான் வேற வெச்சிருந்தா. 1866-ல தண்ணி குடுக்காதவங்களைத் திட்டின அதே கூட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு!

இதுக்கு மருத்துவத்துல பேர் இருக்கு. 'ரெட்-எஸ்'. உழைக்கற அளவுக்குச் சாப்பிடாததால விளையாடறவங்க உடம்புல வர்ற பற்றாக்குறை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியோட நிபுணர் குழு 2014-ல இந்தப் பேரை வெச்சாங்க. 2023-ல அந்த அறிக்கையைப் புதுப்பிச்சாங்க. மாதவிலக்கு நின்னு போகலாம். எலும்பு பலம் குறைஞ்சு, மெல்லிய விரிசல் விழலாம். ரோயிங்ல விலா எலும்புல விரிசல் விழறது ஏற்கெனவே ஒரு தலைவலி. அடிக்கடி சளி, காய்ச்சல், எரிச்சல், கவனம் சிதறுறதுன்னு பட்டியல் நீளும். இது பொண்ணுங்க சமாச்சாரம்னு பசங்க பக்கத்தைப் புரட்டிட வேண்டாம். பசங்களுக்கும் வரும். சிக்ஸ்பேக்குக்காக சோத்தைத் தள்ளி வைக்கற நண்பன் உங்க ரூம்லயே இருக்கலாம்.

இதுல கொடுமை என்னன்னா, எதுக்காக இவ்வளவு பட்டினியோ அதுவே கைவிட்டுடும். அக்கா சொல்லி ஒரு டெஸ்ட் இழுத்துப் பார்த்தா. 61.8 கிலோ. நேரம் 9 நிமிஷம் 2 செகண்ட். எடை குறைஞ்சுது, வேகமும் சேர்ந்து குறைஞ்சுது. மெஷின்ல சீட்டுதானே நம்ம எடையைத் தாங்குது... அங்க உடம்பு மெலிஞ்சா லாபம் கம்மி, பலம் போனா நஷ்டம் முழுசு. ஸ்க்ரீனைப் பார்த்து அவ அழுதா. நாங்க யாரும் ஒண்ணும் சொல்லல. என்னோட 'ஜாலி' டயலாக் மட்டும் எனக்குக் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"நான் சொன்னதாலதானேம்மா?"ன்னு கேட்டேன். "நீங்க சொல்லலைன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்கண்ணா"ன்னா. அவ நல்ல பொண்ணு, அதனால அப்படிச் சொன்னா. ஆனா சொன்னது வேற யாரோ இல்லையே... நான்தானே!

அப்புறம் டாக்டர், ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன், ஊர்லேருந்து ஓடி வந்த அம்மா. போட்டிக்குப் போகல. ரெண்டு மாசம் மெஷினையும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா காலையில 6 மணிக்கு வந்துடுவா. இழுக்க மாட்டா. எங்களோட தரையில உட்கார்ந்து பேசுவா. முதல் வாரம் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தா. ரெண்டாவது வாரம், 'தோனி கடைசி ஓவர்ல எப்பவும் அவ்வளவு கூலா இருந்தாரே, மேட்சுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டிருப்பார்?'னு ஒரு கேள்வி போட்டா. விடை யாருக்கும் தெரியல. அரை மணி நேரம் விவாதம் பண்ணினோம். அப்புறம் ஒரு நாள் சார், பழக்க தோஷத்துல 'தேங்காய்ச் சட்னி'ன்னார்.

"சார், உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா?"ன்னா தங்கச்சி.

சார் முகத்தைப் பார்க்கணுமே! அஞ்சு முந்திரி போட்ட பொங்கல் கிடைச்ச மாதிரி!

எல்லாம் சரியாப் போச்சுன்னு சினிமா மாதிரி சுபம் போட மாட்டேன். அவளுக்கு இன்னும் சில நாள் தட்டைப் பார்த்தா மனசுக்குள்ள கால்குலேட்டர் ஓடும்னு அவளே சொல்றா. ஆனா அப்படி ஓடும்போது யார்கிட்டயாவது சொல்லிடறா. அதுவே பெரிய விஷயம்னு அக்கா சொல்றாங்க. இப்ப மெஷின் மறுபடி ஆரம்பிச்சாச்சு. எடைப் பிரிவு பேச்சே கிடையாது. அந்த ஸ்க்ரீன்ல ஒரு பட்டனை அமுக்கினா கலோரிக்குப் பதிலா வேகத்தையோ வாட்டையோ மட்டும் காட்டும். அவ இப்ப வாட் கட்சி. 'எத்தனை கிரைண்டர்?'னுதான் கேக்கறா. கடைசி ரிப்போர்ட் 8 நிமிஷம் 36 செகண்ட். ஒரு முழு கிரைண்டரும் கொஞ்சம் காரச் சட்னியும்!

நீங்களும் அந்த மூலை மெஷின்ல டவலை எடுத்துட்டு உட்காரப் போறீங்களா? வெல்கம்! சின்னதா சில டிப்ஸ். ஃபேன் பக்கத்துல 1-லேருந்து 10 வரைக்கும் ஒரு லீவர் இருக்கும். புதுசா வர்ற எல்லாரும் வீராப்பா 10-ல வெப்பாங்க, ரெண்டு நாள்ல முதுகைப் பிடிச்சுக்குவாங்க. 3-லேருந்து 5 போதும். இழுக்கும்போது முதல்ல கால், அப்புறம் உடம்பு, கடைசியில கை. திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ், அதுவும் நிதானமா. பலம் கால்லேருந்து வரணும். கையால மட்டும் இழுத்தா கிணத்துல தண்ணி சேந்தற மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு டிப்ஸ் மெஷினைப் பத்தி இல்ல. இழுத்து முடிச்சதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க பாஸ். ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல இருக்கறவங்களோட உட்கார்ந்து சம்பந்தமே இல்லாம ஏதாவது பேசுங்க. பிரியாணிக்கு உருளைக்கிழங்கு போடலாமா கூடாதான்னு சண்டை போடுங்க. நேத்து மேட்ச்ல யார் சொதப்பினாங்கன்னு அடிச்சுக்கங்க. நம்பரெல்லாம் ஸ்க்ரீன் பார்த்துக்கும். ஒருத்தர் திடீர்னு சண்டை போடறதை நிறுத்திட்டா, அதை எந்த ஸ்க்ரீனும் காட்டாது. பக்கத்துல உட்கார்ந்து வெட்டிக் கதை பேசின ஆளுக்குத்தான் அது தெரியும்.

நம்ம ஊர்ல போன் எடுத்ததும் 'சாப்டியா?'ன்னு கேக்கறோமே... பதில் என்னன்னு காதுல வாங்காமலே அடுத்த விஷயத்துக்குத் தாவிடறோம். இன்னிக்கு ஒரு ஃப்ரெண்டுகிட்ட கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க.

நான் கிளம்பறேன். மணி 7:10. பேங்க் அண்ணன் ட்ரீட்டுன்னு சொல்லியிருக்கார். பொங்கல் கடையா, தோசைக் கடையான்னு வாசல்ல இப்பவே பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சு!

அடுத்த வாரம் பார்ப்போம்... அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க மக்கா!